பின்விளக்குக்கு வைத்த பொட்டு

பயந்த மனுஷியிடம் விளக்கு வாங்கும் வேலையை விடக் கூடாது. எந்த விளக்கைக் காட்டினாலும் அவளுக்கு வெளிச்சம் போதாது. என்னிடம் அந்த வேலையை யாரும் விடவும் இல்லை, நானாகத்தான் எடுத்துக்கொண்டேன். (எங்கள் வீட்டில் முக்கால்வாசி வேலை அப்படித்தான் நடக்கும். நான் கை வைக்காத காரியம் உருப்படாது என்பது என் எண்ணம். இன்னமும் அதே எண்ணம்தான்.)

அறுபதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். சிங்கப்பூரில் ஃபேரர் பார்க் பக்கத்தில் ஒரு சந்து. அதில் ஒரு கடைவீட்டின் பின்கட்டில் ஓர் அறையும் அடுப்படியும் எங்களுக்கு. மூத்தவன் வயிற்றில் இருந்தான். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. அதுவரை பகலில் போய் வந்தவரைக் காலை ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். இனிமேல் கிழக்கு வெளுப்பதற்கு முன்பே சைக்கிளை மிதித்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சைக்கிளில் போன எங்கள் சந்துக்காரர் ஒருவரை இருட்டில் லாரி பின்னாலிருந்து தட்டிவிட்டது. உயிர் தப்பினார், கால் முறிந்தது. அவர் மனைவி சாப்பாட்டு அடுக்கைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் என்னிடம் சொன்னாள்:

"பின்னால ஒரு வெளக்கு இருந்திருந்தா கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும்னு லாரிக்காரன் சொல்றான்க்கா."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் அடுப்பில் வைத்த சோறு குழைந்தது.

"நம்ம சைக்கிள்ல பின்னால வெளக்கு இல்லையே" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"மட்கார்டுல வெள்ளை பெயிண்டு அடிச்சிருக்கு. அது போதும்."

"பெயிண்டு எரியுமா?"

"எரியாது. ஆனா தெரியும்லா."

"அது எப்பவோ சேறு பூசிச் சாம்பலாயிடுச்சு. எனக்கே தெரியல, லாரிக்காரனுக்கு எங்கேருந்து தெரியும்?"

அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அடுத்த வாரம் வரைக்கும் லாரிக்காரர்கள் பொறுத்திருப்பார்களா? மறுநாள் மத்தியானமே நான் தேக்கா மார்க்கெட் பக்கம் கிளம்பிவிட்டேன்.

மார்க்கெட்டுக்கு எதிர்ச்சாரியில் ஒரு சீனரின் சைக்கிள் கடை. முதலாளியைத் தவுக்கே என்று கூப்பிடுவோம். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் மலாய். நான் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. ஆனால் மலாய் பேச ஆரம்பித்தால் எதிராளிதான் முதலில் களைத்துப்போவார்.

தவுக்கே முதலில் ஒரு சிவப்புக் கண்ணாடி வில்லையைக் காட்டினார். பின்னால் வருகிற வண்டி வெளிச்சம் பட்டால் மின்னுமாம்.

"தானா எரியாதா?"

"எரியாது."

"அப்ப அது வெளக்கு இல்ல, பொட்டு" என்றேன்.

அடுத்தது டைனமோ. சக்கரத்தில் உரசிக்கொண்டே போகும், மிதித்தால் எரியும், நின்றால் அணையும் என்றார். அணையும் என்ற வார்த்தையே எனக்குப் பிடிக்கவில்லை. மாசமாக இருக்கிறவளிடம் பேசுகிற பேச்சா அது? "ரோட்டுல நிக்கிறப்பதானே லாரி வந்து முட்டும்? அப்ப அணைஞ்சா எதுக்கு அந்த வெளக்கு?" என்று அதையும் ஒதுக்கினேன்.

மூன்றாவதாகப் பேட்டரி விளக்கு. உள்ளே டார்ச் பேட்டரி, மேலே திருகு, முன்னால் சிவப்புக் கண்ணாடி. நின்றாலும் எரியும், போனாலும் எரியும். "பெசார், இன்னும் பெசார்" என்று கேட்டுக் கேட்டு, கடையில் இருந்ததிலேயே பெரியதை எடுக்க வைத்தேன். ஆனால் கடைக்குள் மத்தியான வெயில். எரிகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்?

"கதவைச் சாத்துங்க" என்றேன்.

தவுக்கே என் வயிற்றைப் பார்த்தார். வாதாடினால் என்ன ஆகுமோ என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்துபோய் முன்பக்கத்துப் பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகினார். உள்ளே இருட்டு. கோடிச்சுவர் வரைக்கும் அவரை நடக்கச் சொல்லி, குனியச் சொல்லி, திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ பலகையைத் தட்டினார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள். நல்ல வியாபார நேரத்தில் கடை சாத்தியிருந்தால், வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்றுதானே நினைப்பார்கள்? துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். தவுக்கே பலகையை நீக்கிக்கொண்டு, கையில் சிவப்பு விளக்கோடு வெளியே வந்தார். பின்னாலேயே நான். அவர் சீனத்தில் என்ன விளக்கம் சொன்னாரோ தெரியாது. அதற்கப்புறம் நான் அந்தப் பக்கம் போனால் தேடிய சாமான் அவர் கடையில் இருக்கவே இருக்காது.

சாயந்திரம் வீட்டுக்காரர் வந்து விளக்கைப் பார்த்தார்.

"மோட்டார் காருக்கு வாங்கினியா?"

"கிண்டல் பண்ணுங்க. ஸ்பேனர் எங்க இருக்கு?"

"கொடு, நான் மாட்டறேன்."

கொடுக்கவில்லை. அவர் மாட்டினால் மட்கார்டில் தாழ்வாக மாட்டுவார். லாரிக்காரன் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறவன். விளக்கும் உயரமாக இருக்க வேண்டாமா? சீட்டுக்குப் பின்னால், கேரியருக்கு மேலே நிற்கிற மாதிரி வைத்து, காலால் சைக்கிளை முட்டுக்கொடுத்து நானே முடுக்கினேன். (அந்த முடுக்கு பின்னாளில் எந்த ரிப்பேர்க் கடைக்காரராலும் கழற்ற முடியாத முடுக்கு. அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.)

முதல் காலை ஷிப்டு வெள்ளிக்கிழமை. புதுச் சாமான் எதுவானாலும் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் புழங்குவது எங்கள் வழக்கம் இல்லை. அம்மிக்கு வைத்தேன், தையல் மெஷினுக்கு வைத்தேன், ரேடியோப் பெட்டிக்குக்கூட வைத்தேன். விளக்குக்கு வைக்காமல் விடுவேனா? அதுவும் என் தாலியைக் காப்பாற்றப் போகிற விளக்கு.

திருகை முடுக்கினேன். எரிந்தது. கும்பிட்டேன். அப்புறம், முகத்தில்தானே பொட்டு வைப்பார்கள் என்று, கண்ணாடி முகம் முழுக்கச் சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, சுற்றிலும் ஒரு முழம் கதம்பத்தையும் கட்டினேன். அறையில் பல்பு எரிந்துகொண்டிருந்ததால் எனக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

"கொஞ்சமா வச்சாப் போதாதா?" என்றார்.

"பயம் பெருசா இருக்கே. பொட்டும் பெருசாத்தான் இருக்கும்."

அவர் சிரித்துக்கொண்டே ஏறினார். நான் வாசலுக்கு வந்து நின்றேன். அத்தனை பாடும் இதற்குத்தானே? சந்தின் இருட்டில் அந்தச் சிவப்புப் புள்ளி தூரம் தூரமாகப் போவதைக் கண்குளிரப் பார்க்க வேண்டும்.

புள்ளியைக் காணோம்.

சக்கரச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை. கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் சந்தனம்.

விளக்கு வாங்கி, விளக்கு மாட்டி, அதன் கண்ணையும் நானே மூடி, லாரி ஓடுகிற ரோட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

செருப்புப் போட நேரமில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சந்து முனைக்கு ஓடினேன். அங்கே ஒரு டிரைஷாக்காரர் தம் மூன்று சக்கர வண்டியில் சாய்ந்தபடி கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். வயசான சீனர். நான் ஏறி விழுந்து, "லெகாஸ்! லெகாஸ்!" என்று கத்தினேன். சீக்கிரம் என்று அர்த்தம். தலைவிரிகோலம், வெறுங்கால், இந்த வயிறு, இந்தக் கத்தல். அவர் கோப்பிக் குவளையை அப்படியே வீசிவிட்டு மிதித்தார் பாருங்கள், அப்படி ஒரு மிதி நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை. நல்ல மனுஷன், என் அவசரம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

சிராங்கூன் ரோடு முழுக்க சைக்கிள்கள். துறைமுகத்துக்கும் பட்டறைகளுக்கும் போகிற நம் ஆட்கள். எல்லாருக்கும் வெள்ளைச் சட்டை, எல்லார் சைக்கிளிலும் சாப்பாட்டு அடுக்கு. ஒவ்வொருவர் முதுகாகப் பார்த்துக்கொண்டே போனேன். தேக்கா சந்திக்குக் கொஞ்சம் முன்னால், மார்க்கெட் விளக்கு வெளிச்சத்தில் கதம்பம் தெரிந்தது. அவர்தான்! நேரே போய்க்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து டிரைஷா வலது பக்கம் திரும்புகிறது.

"எங்க போறீங்க?" என்று மலாயில் அலறினேன்.

"பிரசவ ஆஸ்பத்திரிக்கு!" என்றார். "பயப்படாதே, வந்துட்டோம்!"

"பிள்ளை வரல! புருஷன் போறார்!"

அவருக்கு அது எந்த வகை நோய் என்று புரியவில்லை. இன்னும் வேகமாக மிதித்தார்.

இனி கூப்பிட்டு நிறுத்துவதைத் தவிர வழியில்லை. ஆனால் எப்படிக் கூப்பிடுவது? அந்தக் காலத்தில் புருஷன் பெயரை நாங்கள் வாயால் சொல்ல மாட்டோம். ஆஸ்பத்திரியில் பிள்ளைத்தாய்ச்சிக்கு அட்டை போடுகிற இடத்தில் பெயரைக் கேட்டபோதுகூட, கூட வந்த பக்கத்து வீட்டுக்காரியைத்தான் சொல்ல வைத்தேன். வீட்டில் கூப்பிடுகிற ஒரே கூப்பாடுதான் எனக்குத் தெரியும். டிரைஷாவில் எழுந்து நின்று, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டேன்.

"ஏங்க! ஏங்க! நில்லுங்க!"

நின்றார்கள்.

அந்த ரோட்டில் கல்யாணமான தமிழர் எத்தனை பேர் இருந்தார்களோ அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பிரேக்கைப் பிடித்துத் திரும்பினார்கள். பின்னால் வந்தவன் முன்னால் நின்றவன்மேல் ஏறினான். அவன்மேல் அடுத்தவன். அடுக்குகள் திறந்து சோறும் சாம்பாரும் ரோட்டில். மார்க்கெட்டுக்கு முட்டைக்கோசு இறக்கிக்கொண்டிருந்தவர் பயந்து கூடையை விட்டுவிட, அதுவும் உருண்டு வந்து கலந்துகொண்டது.

"யார் வூட்டம்மா இது?"

"என் வூட்டுக்காரி கொரல் மாதிரியே இருந்துச்சுலா. அதான் பிரேக்கைப் புடிச்சிட்டேன்!"

"அவ எதுக்குடா இங்க வரப்போறா?"

"வந்தாலும் வருவா. உனக்குத் தெரியாது."

நின்றவர்கள் எல்லாரும் அடுத்தவள் புருஷன்மார். என்னுடையவர் நிற்கவில்லை. அடக்கமாகப் பேசுகிற மனைவி நடுரோட்டில் இப்படிக் கத்துவாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தனியாகச் சந்தியைக் கடந்து இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார். மார்க்கெட் பக்கத்திலிருந்து ஒரு லாரி திரும்பி அவருக்குப் பின்னால் போனது. எனக்கு லாரி தெரிகிறது. லாரிக்கு முன்னால் வெறும் இருட்டு.

"வீரமுத்தூ!"

என் குரல்தான். கல்யாணத்துக்கு அப்புறம் முதல் தடவையாக அந்தப் பெயர் என் வாயிலிருந்து வந்தது, அதுவும் தேக்கா முழுக்கக் கேட்கிற மாதிரி.

லாரி கிறீச்சென்று நின்றது. அவரும் நின்றார். நடுவில் ஓர் ஆள் படுக்கிற இடம் இருந்திருக்கும்.

டிரைஷாக்காரரும் ஒருவழியாக நிறுத்திவிட்டிருந்தார். நான் இறங்கி, முட்டைக்கோசைத் தாண்டி, சோற்றை மிதித்துக்கொண்டு போனேன். லாரிக்காரரும் நம் ஆள்தான். முகமெல்லாம் வெளிறியிருந்தது.

"சைக்கிள நான் பாக்கவே இல்லம்மா. ஒங்க சத்தத்துக்குத்தான் பிரேக் அடிச்சேன்" என்றார்.

ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். சோறு கொட்டியவர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். ஒரு மலாய்க்கார போலீஸ்காரர் வந்தார். குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சைக்கிளின் பின்னால் குனிந்து பூவைப் பார்த்தார், சந்தனத்தைப் பார்த்தார்.

"இது என்ன?"

"செலாமத்துக்கு" என்றேன். பத்திரத்துக்கு என்று அர்த்தம்.

அவர் மறுபடி ரோட்டில் கிடந்த சைக்கிள்களையும் சோற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் மீசை மட்டும் கொஞ்சம் ஆடியது.

வீட்டுக்காரர் திட்டுவார் என்று காத்திருந்தேன். என் முகத்தைப் பார்க்கக்கூட முடியாமல், "பேரைச் சொல்லிட்டியே" என்றார் மெதுவாக. அப்புறம் பூவை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு, சட்டை நுனியால் சந்தனத்தைத் துடைத்தார். உள்ளே விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. சைக்கிளில் ஏறி, முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு, திரும்பாமலே கேட்டார்:

"எரியுதா?"

"எரியுது."

"பாத்துச் சொல்லு."

"பாத்துட்டேன். எரியுது. போயிட்டு வாங்க."

சிவப்புப் புள்ளி மறைகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். டிரைஷாக்காரர் மட்டும் என்னை நம்பவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டிவிட்டுத்தான் வீட்டில் விடுவேன் என்று அடம்பிடித்தார்.

மறுநாளிலிருந்து வீட்டுக்காரர் அதே மாதிரி வாசலில் முதுகைக் காட்டி நின்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார். சைக்கிள் போய் பஸ் வந்தது, பஸ் போய் ரயில் வந்தது, கேள்வி போகவில்லை. இப்போது கைத்தடியோடு கீழே கோப்பிக்கடைக்குப் போவதானாலும் கதவருகில் நின்று, "எரியுதா?" என்பார். பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள், அவர்கள் பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் போய் வருகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. பையை மாட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி, "எரியுதா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். புதிதாக வந்த மருமகள்கூட ஒரு வாரம் முழித்துவிட்டு இப்போது கேட்கிறாள்.

அவர்களுக்கு எல்லாம் விளையாட்டு. நான் மட்டும் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டு, ஒவ்வொரு முதுகையும் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் "எரியுது" என்று சொல்வேன்.