விசிறி வைத்த கார்டும் விசிறி இல்லாத கார்டும்

வாங்க வந்தவரை வாங்க விடாமல் அனுப்பிவைத்தே ஹட்டனில் கடை நடத்திய ஒரே மனிதர் புள்ளி அண்ணன்தான். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். நான் பார்க்காத நேரத்தில் ஏதாவது விற்றிருக்கலாம். அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு புடவைக் கடையின் மாடியில் அவருடைய கணினி திருத்தும் கடை இருந்தது. சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஒரே மாதிரி இரண்டு பொருளைக் கண்டால் போதும், கொப்பியை விரித்து நடுவில் கோடு போட்டு, இரண்டுக்கும் புள்ளி போட ஆரம்பித்துவிடுவார். மவுஸ் வாங்கப் போன எங்கள் பாடசாலை அதிபர் முக்கால் மணி நேரம் கழித்து வெறுங்கையோடு இறங்கி வந்தார்.

"ரெண்டு மவுசும் நாப்பதுக்குக் கீழ சார், பெயில். கீபோர்டை வச்சே சமாளிச்சுக்கங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

டிக்கோயா போக நின்ற இரண்டு பஸ்களுக்கு அவர் புள்ளி போட்டுக்கொண்டிருந்தபோது இரண்டுமே போய்விட்ட கதையும் உண்டு. அதை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

இப்படிப்பட்டவரிடம் நான் ஏன் போனேன்? வேறு வழியில்லை. மகளுக்கு ஒன்பது மாதமானபோது என் கணவர் டோஹாவுக்கு வேலைக்குப் போனார். அவளுக்கு இரண்டேகால் வயதானபோது, விடுமுறையில் வருவதற்கு மூன்று மாதம் முன்பு, தன்னைப் படம் பிடித்து ஒரு சீடி அனுப்பினார். தங்கும் அறைக் கட்டிலில் உட்கார்ந்து, "பாப்பா, இங்க பாரும்மா, அப்பா பேசுறேன்" என்று பதினோரு நிமிடம் பேசுவார். சாதாரண சீடி பிளேயரில் அது ஓடவில்லை. எங்கள் பழைய கணினியில் ஓடியது. ஆனால் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. குரல் முன்னால் போக, வாய் பின்னால் அசைந்தது. பாப்பா அலறிக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

எனக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. அவர் நேரில் வந்து இறங்கும்போதும் இவள் இப்படி ஒளிந்தால்? அவ்வளவு தூரத்திலிருந்து வருகிற மனிதன் அதை எப்படித் தாங்குவார்? போட்டுக் காட்டியதே பிழையோ? கணினிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹட்டனுக்குப் போனேன்.

"கிராபிக்ஸ் கார்டு போடணும் டீச்சர்" என்றார் புள்ளி அண்ணன். முகத்தில் பூசைக்கு நிற்பவரின் மலர்ச்சி. "ரெண்டு இருக்கு."

ரெண்டு என்றதுமே நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

ஒன்று பெரியது. நூற்றிருபத்தெட்டு எம்பி நினைவகம், மேலே குட்டி விசிறி. மற்றது அதில் பாதி நினைவகம், விசிறி கிடையாது.

"நினைவகம்ங்கிறது கொழுந்து நிறுக்கிற மடுவம் மாதிரிங்க. பெரிய மடுவம்னா நெறய கொழுந்து கொட்டலாம். ஆனா மடுவத்துக்குப் போற ரோடும் அகலமா இருக்கணும். பெரிய கார்டுல ரோடு டபுள்."

"அப்ப பெரியதையே போட்டுருங்கண்ணே."

"அவசரப்படாதீங்க. இன்னும் ஓட்டிப் பாக்கல."

ஒரு வாரம் கழித்துப் போனேன். இரண்டு கார்டிலும் கார்ப் பந்தய விளையாட்டை ஓட்டி, நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்று எண்ணியிருந்தார். பெரியதற்கு நாற்பத்தொன்று, சின்னதற்கு இருபத்துமூன்று.

"அண்ணே, எங்க வீட்டுக்காரர் கார் ஓட்டலீங்க. கட்டில்லதான் உக்காந்திருக்காரு."

"இருக்கட்டும் டீச்சர். ஓடுற காரைக் காட்டினா, உக்காந்த மனுசனைக் காட்டாதா?"

அதோடு முடிந்ததா? இல்லை. ஹட்டன் குளிரில் விசிறிக்கு வேலையே இல்லை, வெயிலில் சோதிக்காமல் புள்ளி போட்டால் அதற்கு அநியாயம் என்று, என் கணினியைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கீழே, வெப்பமான கினிகத்தேனைக்கு இறங்கினார். அங்கே அடைமழை. விட்டாரா? தெரிந்த பேக்கரியில் அடுப்புக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்துச் சோதித்தார். திரும்பி வந்தபோது கொப்பியில் இரண்டு கார்டோடு அந்தப் பேக்கரியின் இரண்டு வகை பணிசுக்கும் புள்ளி இருந்தது.

மூன்றாம் வாரம் எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஏதாவது ஒண்ணைப் போட்டுத் தாங்கண்ணே. அவர் வந்துருவாரு. புள்ள அவரைக் கண்டு ஒளிஞ்சுக்குமோன்னு பயமா இருக்கு."

புள்ளி அண்ணன் கொப்பியை மூடினார். மறுநாள் பெரிய கார்டை உள்ளே பூட்டி, பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். தோற்ற கார்டும் சட்டைப் பையில் இருந்தது.

சீடியைப் போட்டோம். என் கணவரின் முகம் உடையாமல், முழுசாக, மீசையில் ஒரு நரையோடு வந்தது. அந்த நரையை நான் அதுவரை கண்டதில்லை. பாப்பா கதவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினாள். ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி.

அப்போதுதான், பகல் கொழுந்து போய்ச் சேர்ந்து, தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் பெரிய பேன்களைப் போட்டார்கள். தினமும் அந்த நேரத்தில் எங்கள் லயத்து வீடுகளில் பல்பு மஞ்சளாகிச் சுருங்கும். எனக்கு அது பழகிப்போனதால் சொல்லத் தோன்றவில்லை. பெரிய கார்டுக்கு அந்த மின்சாரம் போதவில்லை. கணினி பட்டென்று அணைந்தது.

"அப்பா போயிட்டாங்க!" என்று பாப்பா தரையில் விழுந்து அழுதாள். அவரைக் கண்டு அழுதவள் முதல் தடவையாக அவருக்காக அழுதாள். நானும் அழுதேன். நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியவில்லை.

புள்ளி அண்ணன் பெட்டியைக் கழற்றினார். "சூடு பாத்தேன், குளிர் பாத்தேன், பேக்டரியைப் பாக்கலியே" என்று முனகிக்கொண்டே சின்ன கார்டை மாட்டினார். நிறம் கொஞ்சம் வெளுப்பு, ஓரங்கள் கொஞ்சம் மங்கல். ஆனால் பேன்கள் இரைய, பல்பு மினுங்க, படம் நிற்கவேயில்லை. பதினோரு நிமிடமும் பாப்பா திரையில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"இதுக்கு எத்தனை புள்ளிண்ணே?"

"சும்மா இருங்க டீச்சர், புள்ள பாக்குது" என்று அதட்டிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பஸ் ஏறும்போது ஒன்றே ஒன்று கேட்டார். "வீட்டுக்காரர் வந்ததும், பாப்பா அவர்கிட்ட போச்சா இல்லியான்னு ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க."

சொல்லத்தான் நினைத்தேன். விருந்தாளிகள், கோயில், மகளுக்குச் சளி என்று நாட்கள் போயின. ஒரு மாதம் கழித்துக் கணவரையும் அழைத்துக்கொண்டு மாடி ஏறினால், கடை பூட்டியிருந்தது. கொழும்புக்குப் போய்விட்டார் என்றார்கள். எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியவில்லை. பெயர் தெரியாத மனிதரை எப்படி விசாரிப்பது?

மகள் இப்போது இரண்டாம் தரம் படிக்கிறாள். அவள் அப்பா மறுபடியும் டோஹாவில். இது வெளிவரும் பத்திரிகை கொழும்பில் எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது என்பதால், இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணே, பாப்பா போனாள். அவர் வந்த வேன் நின்றதும் ஒரு நிமிடம் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஓடிப்போய், அவருடைய கன்னத்தில் தன் கன்னத்தை ஒட்டிக்கொண்டாள்.