ஆயுத பூஜையன்று ஓய்வெடுத்த உலை

ரயில்வே குவார்ட்டர்ஸ்,
சாந்த்ராகாச்சி.
அக்டோபர், 1979.

அன்பும் பொறுமையும் நிறைந்த மைத்துனர் இராஜமாணிக்கம் அவர்களுக்கு, அத்தான் சண்முகம் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. ஆண்டவன் கிருபையால் இங்கே யாவரும் சுகம் என்று எழுதுவது முறை. முறைக்காக எழுதிவிட்டேன். கோவில்பட்டியில் தாங்களும், தங்கள் மனைவியும், தங்கள் மகளும் என் மருமகளுமான பூங்கோதையும் உண்மையாகவே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், ஏனென்றால் தங்கள் வீட்டில் யாரும் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கவில்லை. இத்தனை வருஷம் 'நீ' என்று எழுதியவன் இப்போது 'தாங்கள்' என்று எழுதுவதைப் பார்த்துச் சிரிக்கவேண்டாம். மனைவியின் தம்பிக்கு எழுதுவது வேறு, பெண் கொடுக்கப்போகிற சம்பந்திக்கு எழுதுவது வேறு.

தங்கள் கடிதம் கிடைத்தது. தை மாதத்துக்கு மண்டபம் பிடித்துவிடலாமா, பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கடைசி வரியில், சாத்தூரிலிருந்து ஒரு பேங்க் ஆபீசர் ஜாதகம் தானாக வந்திருப்பதாக, சும்மா செய்திக்காகச் சொல்வதுபோல் எழுதியிருந்தீர்கள். எனக்குப் புரிந்துவிட்டது. ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தைக்குள் பட்டம் வராது. கல்யாணத்தை வைகாசிக்குத் தள்ளவேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளியாயிற்று என்பதும் எனக்கு மறக்கவில்லை. ஆனால் இந்தத் தடவை தவறு என் மேல் இல்லை, என் பிள்ளை வாஞ்சிநாதன் மேலும் இல்லை. முழுத் தவறும் தங்களுடைய கூடப்பிறந்த அக்காள் கிருஷ்ணம்மாள் மேல். அது எப்படி என்று பொறுமையாகக் கேட்கவும்.

முதலில் இந்தப் படிப்பு என்ன என்று தெரிந்துகொள்ளவேண்டும். ஐந்து வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்கே போன ஆடியில்தான் புரிந்தது. வாஞ்சி படிக்கிற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒரு மின்சார உலை. உலைக்குள் ஒரு உருக்குக் கம்பி. கம்பிக்கு அடியில் எடைக்கல். அந்தச் சூட்டில் கம்பி எவ்வளவு மெதுவாக நீளுகிறது என்று ஒரு முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும். அவ்வளவுதான் படிப்பு. ஆயிரம் மணி நேரம், அதாவது ஏறக்குறைய ஒன்றரை மாதம், சூடு குறையாமல் இருந்தால் ஒரு கம்பி தேறும். நடுவில் ஆறிவிட்டால் அந்தக் கம்பியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கம்பி மாட்டி முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். முப்பது வருஷமாக இந்த யார்டில் தண்டவாளம் வெயிலில் நீளுவதை நானும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒருவனும் எனக்குப் பட்டம் கொடுக்கவில்லை. அது போகட்டும். இந்தக் கல்கத்தாவில் ஒன்றரை மாதம் நிற்காமல் கரண்ட் வருவதற்கு எங்கே போவது? லோடுஷெட்டிங், லோடுஷெட்டிங் என்று காலையிலும் போகிறது, மாலையிலும் போகிறது, எப்போது வரும் என்று கேட்டால் எல்லாரும் வானத்தைப் பார்க்கிறார்கள். இதுவரை என் பிள்ளை தூக்கிப் போட்ட கம்பிகளைச் சேர்த்து வைத்திருந்தால் தங்கள் வீட்டு மாடிக்குக் கைப்பிடியே போட்டிருக்கலாம்.

அப்போதுதான் அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வருவது ரயில்வே லைன். ஊரே இருட்டில் கிடந்தாலும் யார்டு விளக்கு எரிந்தாகவேண்டும், அதோடு சேர்ந்து நம் வீட்டு விளக்கும் எரியும். "அப்பா, உலையை நம்ம வீட்டுக்கே கொண்டாந்துரட்டுமா?" என்றான். நான் ஏதோ ஸ்டவ் அளவுக்கு இருக்கும் என்று நினைத்துத் தலையை ஆட்டிவிட்டேன். டெம்போவிலிருந்து ஆறு பேர் சேர்ந்து இறக்கினார்கள். பவர் பிளக் இருக்கிற ஒரே இடம் சாமி அறை. முருகன் படம் கூடத்துக்கு வந்தது, உலை உள்ளே போனது. வருகிற பங்குனியில் நான் ரிட்டையர் ஆகிறேன். வீட்டைக் காலி செய்தபிறகு இந்த லைனும் இல்லை, இந்தப் பட்டமும் இல்லை, தங்கள் கடிதத்தைப் படித்தபின் தோன்றுகிறது, இந்தக் கல்யாணமும் இல்லை. அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன்.

பொறுத்ததைக் கேளும். உலை வந்த நாளிலிருந்து வீட்டில் மாசி மாதமே கிடையாது, எல்லா மாதமும் சித்திரைதான். காலையில் அரைத்த மாவு மத்தியானத்துக்குள் பொங்கி வெளியே வந்து நிற்கிறது. தரை அதிரக்கூடாது, அதிர்ந்தால் முள் ஆடும். ஆகவே உலக்கை இடிக்கக்கூடாது, கதவைச் சாத்தக்கூடாது, நான் தும்மக்கூடாது. இது போதாதென்று ஒருநாள், "அப்பா, யார்டுல வண்டி கோக்கும்போது கொஞ்சம் மெதுவா இடிக்கச் சொல்றீங்களா?" என்றான். நான் யார்டு மாஸ்டர். சரக்கு வண்டி டிரைவரிடம் போய் மெதுவாக இடி என்று சொன்னால் என்ன நினைப்பான்? "பாபு, வீட்ல யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?" என்று இந்தியில் கேட்டான். உலை என்று சொல்ல முடியுமா? ஆமாம், என் மனைவிக்கு என்று சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலம் ஷண்டிங் கோஷ்டி முழுவதும் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸுமாக வாசலில் வந்து நிற்கிறது. கதவைத் திறந்தது யார்? தங்கள் அக்காள், இடுப்பில் குடத்தோடு. "என்னைப் படுக்கையில போட்டாச்சா, இன்னும் என்ன பாக்கி?" என்று மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்தது புரொபசர் பாதுரி. வாஞ்சியின் வழிகாட்டி. நல்ல மனிதர், அதை மறுக்கவில்லை. டாலிகஞ்சிலிருந்து இரண்டு பஸ் மாறி, முள்ளைப் பார்க்க வாரத்துக்கு ஒருமுறை வருவார் என்று ஏற்பாடு. முதல் தடவை வந்தபோது தங்கள் அக்காள் தோசை வார்த்துப் போட்டாள். அதிலிருந்து வாரத்துக்கு மூன்று தடவை வருகிறார். முள்ளைப் பார்க்க அரை நிமிஷம், தோசைக்கு முக்கால் மணி. "பௌதி, ஆரேக்டு சாம்பார்" என்று, அண்ணி இன்னும் கொஞ்சம் என்று அவர் கிண்ணத்தை நீட்டினால் இவளுக்கு உச்சி குளிர்ந்துவிடுகிறது. அவர் போதும் என்று கையை மறைத்தாலும் கைமேலேயே ஊற்றுகிறாள். இந்த மனிதர் பையனுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டால் அப்புறம் தோசைக்கு எங்கே போவார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சொன்னால் அம்மாவும் பிள்ளையும் என்னைத்தான் முறைக்கிறார்கள்.

சரி, இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். ஆயுத பூஜை. கம்பிக்கு இன்னும் நாலைந்து நாள்தான் பாக்கி. இது ஒன்று தேறினால் எழுத ஆரம்பித்துவிடலாம் என்று புரொபசரே சொல்லியிருந்தார். வாஞ்சி விடிகாலையில் எழுந்து முள்ளைப் பார்த்துவிட்டு, புரொபசரைச் சாப்பாட்டுக்கு அழைத்துவர டாலிகஞ்ச் போனான். போகும்போது, "அம்மா, அந்த ரூம் பக்கம் யாரும் போகவேண்டாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். நான் யார்டில் எஞ்சினுக்குப் பூஜை என்று எட்டு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டேன். மத்தியானம் மூன்று பேரும் வாசலிலேயே சந்தித்து ஒன்றாக உள்ளே வருகிறோம். பக்கத்துப் பந்தலில் துர்க்கைக்கு டாக் மேளம் அடிக்கிறான், காது கிழிகிறது. சாமி அறையில் பார்த்தால் உலைக்குச் சந்தனம், குங்குமம், கழுத்தில் செவ்வந்தி மாலை. எடைக்கல்லுக்குத் தனியாக ஒரு பொட்டு. சுவிட்சுக்கும் ஒரு பொட்டு. அந்தச் சுவிட்ச் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. உலை ஜில்லென்று இல்லை என்றாலும், பால் காய்ச்சக்கூட லாயக்கில்லாமல் கிடந்தது.

வாஞ்சிக்குக் கோபம் வந்தால் முதலில் வருவது வங்காள மொழி. "கே பந்த் கொர்லோ?" என்று கத்தினான். பிறகு தமிழில், "யாரும்மா ஆஃப் பண்ணது?" என்றான். தங்கள் அக்காள் கையில் குங்குமச் சிமிழோடு நிற்கிறாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. தங்களுக்கும் விளங்கியிருக்கும், தங்கள் வீட்டு வளர்ப்புதானே. ஆயுத பூஜையன்று எந்த ஆயுதமும் வேலை செய்யக்கூடாது என்பதில் அவள் எவ்வளவு கண்டிப்பு! அரிவாள்மனை, தையல் மெஷின், கத்தரிக்கோல் எல்லாம் வரிசையாகப் படுத்துவிடும். போன வருஷம் என் சவரக் கத்தியையே பிடுங்கிக்கொண்டு போய்ச் சாமிக்குமுன் வைத்தவள். "ஏட்டி, அந்த உலைக்கும் லீவு குடுத்துட்டியா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். நானே புரொபசருக்கு இங்கிலீஷில் விளக்கினேன். இன்றைக்கு எங்களுக்குச் சரஸ்வதி பூஜையும் கூட, கருவிகளுக்கு ஓய்வு, என் மனைவி பக்தியினால் அணைத்துவிட்டாள் என்றேன்.

அந்த மனிதர் கோபித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வருத்தமாகச் சொல்கிறார்: "ஓய்வு கொடுத்ததில் தப்பே இல்லை. சரஸ்வதி பூஜையன்று நாங்களும் புத்தகத்தைத் தொடமாட்டோம். ஆனால் பௌதி, சரஸ்வதி பூஜை இப்போது இல்லையே, எங்கள் மாக் மாதத்தில் அல்லவா, உங்கள் தையில் அல்லவா வருகிறது!" அதாவது அணைத்தது சரி, மாதம்தான் தவறு. பிறகு உட்கார்ந்து வடை பாயசத்தோடு சாப்பிட்டார். பிள்ளை சாப்பிடவில்லை. மாலை போட்ட உலைக்குமுன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், கல்யாணம் நின்றுபோன மாப்பிள்ளை மாதிரி. இந்த வரியை எழுதிவிட்டு அடிக்கலாமா என்று பார்த்தேன், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒருவார காலமாக அவன் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவள் என்ன செய்கிறாள் தெரியுமா, எதுவும் நடக்காததுபோல் தோசை வார்க்கிறாள்! எனக்கு வருகிற ஆத்திரத்தில் அந்த உலையைத் தூக்கி அடுத்த கூட்ஸில் ஏற்றி விசாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிடலாமா என்று இருக்கிறது.

புதுக் கம்பி மாட்டியாயிற்று. அது ஐப்பசி முழுவதும் தொங்கி, பிறகு எழுதி, டைப் அடித்து, வெளியூர்ப் பரீட்சகர் படித்து முடிக்க வைகாசி ஆகிவிடும். நீரே யோசித்துப் பாரும் மாப்பிள்ளே, பையன் மேல் என்ன குற்றம்? ஒருத்தி பக்தியினால் செய்ததற்கு இன்னொருத்தியைச் சாத்தூருக்கு அனுப்பலாமா? பூங்கோதை இந்த வீட்டுக்குத்தான் வரவேண்டும் என்று அவள் பிறந்த அன்றே பேசி வைத்தது. எனக்கு மருமகள் என்றால் அவள்தான், வேறு முகம் மனதில் வரமாட்டேன் என்கிறது. இனி அந்த அறைக்குள் தங்கள் அக்காள் காலெடுத்து வைக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. இந்த வீட்டில் நிதானமாக, யோசித்துக் காரியம் செய்கிறவன் நான் ஒருவனாவது இருக்கிறேன் என்று தாங்கள் தைரியமாக இருக்கலாம்.

தங்களுக்கும் தங்கள் மனைவிக்கும் என் ஆசிகள். பூங்கோதைக்குத் தனியாக ஒரு ஆசி, அதைச் சாத்தூர்க்காரர்கள் காதில் விழும்படி சத்தமாகச் சொல்லவும். அம்மன் எல்லாருக்கும் நல்ல புத்தியைக் கொடுக்கட்டும், முக்கியமாக இந்த வீட்டில் உள்ளவர்களுக்கு.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள அத்தான்,
இரா. சண்முகம்.

பின்குறிப்பு: தம்பி மாணிக்கம், இது அக்காள் எழுதுகிறேன். அத்தான் கவரை ஒட்டிப் போடச் சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போயிருக்கிறார். முழுவதும் படித்தேன். உலையை நான் அணைக்கவில்லை. அன்று காலை எஞ்சின் பூஜைக்கு வெள்ளைச் சட்டை வேண்டும் என்று, நான் சாமிக்கு எடுத்துவைத்திருந்த இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குள் போனவர் உன் அத்தான்தான். உலையின் பிளக்கைப் பிடுங்கி இதைச் சொருகித் தேய்த்துவிட்டு, திரும்ப அதைச் சொருகினவர் சுவிட்சைப் போட மறந்துவிட்டார். நான் குளித்து, சமைத்துவிட்டுப் போய்ப் பார்க்கும்போது உலையின் சூடு பாதிக்குமேல் இறங்கிவிட்டது, பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி இருந்தது, இனிச் சுவிட்சைப் போட்டாலும் கம்பி தேறாது. என்ன செய்வது என்று தெரியாமல் சந்தனத்தை அள்ளிப் பூசினேன். அவருக்கு இன்றுவரை ஞாபகமே இல்லை. நானும் சொல்லப்போவதில்லை. ரிட்டையர் ஆனால் தன்னால் எதற்கும் பிரயோசனம் இல்லை என்று இப்போதே முணுமுணுத்துக்கொண்டிருக்கிற மனுஷர். அம்மா செய்தாள் என்றால் பிள்ளை நாலு நாள் முறைப்பான், ஐந்தாம் நாள் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்துவிடுவான். அத்தான் டியூட்டியில் இருந்தபோது நேற்றே வந்துவிட்டான். அப்பா என்றால் அப்படி ஆகாது.

கல்யாணத்தைத் தள்ளாதே. தையிலேயே மண்டபத்தைப் பிடி. பத்திரிகையில் வெறும் வாஞ்சிநாதன் என்றே போடு, பட்டம் வரும்போது வரட்டும். பங்குனிக்குப் பிறகு இந்த வீடு எங்களுக்கு இல்லை, இருக்கும்போதே என் மருமகள் இங்கே விளக்கேற்றட்டும். உலையை நான் பார்த்துக்கொள்கிறேன், உன் அத்தானைப் பார்த்துக்கொள்ளத்தான் இன்னொரு ஆள் வேண்டும். இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிடு. பதில் எழுதும்போது, உலையை அணைத்ததற்காக என்னை நாலு வரி நன்றாகத் திட்டி எழுது. அத்தானுக்குத் திருப்தியாக இருக்கும்.