மொட்டையும் மாஸ்க்கும் செய்த வேலை

திருப்பதி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மச்சான் முனியப்பனுக்கு மாமா வேதாச்சலம் எழுதிக்கொண்டது. நான் நலம். புத்தூரில் நீயும், கோபித்துக்கொண்டு உன் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் உன் அக்காவும் நலமாயிருக்க ஏழுமலையானை வேண்டுகிறேன். செங்கம்மா என் நம்பரை பிளாக் செய்துவிட்டு உன் ஃபோனையும் பிடுங்கி வைத்திருப்பதால்தான் இந்தக் கடிதம்.

நடந்தது இதுதான். சனிக்கிழமை இருவரும் மலைக்குப் போய் வேண்டுதல்படி மொட்டை போட்டுக்கொண்டோம். தரிசனம் முடிந்து வெளியே வந்தால் காட்டில் தீப்பிடித்து ஒரே புகை. அவளுக்கோ ஆஸ்துமா. நான் சும்மா இருப்பேனா? ஈரத்துணியெல்லாம் போதாது என்று படித்திருந்ததால், என்95 மாஸ்க்கை இறுக்கி மாட்டிவிட்டு, "கீழ போய்ச் சேர்ற வரைக்கும் வாயத் தொறக்காத, புகை உள்ள பூடும்" என்று கண்டிப்பாகச் சொன்னேன். தண்ணீர் பாட்டில் வாங்கித் திரும்பி, மொட்டைத் தலை, சந்தனம், மாஸ்க், மஞ்சள் புடவை எல்லாம் சரிபார்த்துக் கையைப் பிடித்து பஸ் ஏற்றினேன். அங்கே நின்ற பாதிப்பேர் அப்படித்தான் இருந்தார்கள் என்பது உறைக்கவில்லை. வழியெல்லாம் உன் குடும்பத்தைப் பற்றி நாலு வார்த்தை சொன்னேன், பதிலே இல்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக என் பேச்சைக் கேட்கிறாளே என்று கண் கலங்கிவிட்டது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் பார்த்துவிட்டு "ஆஸ்துமாவே இல்லையே" என்றார். எல்லாம் மாஸ்க்கின் மகிமை என்று அவர் கையைக் குலுக்கினேன். அந்த அம்மா மாஸ்க்கைக் கழற்றி, "நேனு நெல்லூரு கன்னிகா. மீரு வாலண்டியர் காதா, நாயனா?" என்று தெலுங்கில் கேட்டார். என்னைக் கோயில் தொண்டர் என்றும், இது பக்தர்களுக்கு இலவசப் பரிசோதனை என்றும் நினைத்துச் சந்தோஷமாக வந்திருக்கிறார்! மன்னிப்புக் கேட்டு, என் விலாசமும் கொடுத்து, அவர் உறவினர் தங்கியிருந்த சத்திரத்தில் விட்டு வந்தேன்.

அதற்குள் உன் அக்காவின் ஃபோன். "இன்னாய்யா, என்ன மலை மேல உட்டுட்டு எவள இட்டுக்கினு போன? நான் என் தம்பி வூட்டுக்குப் போறேன், நீ அவளுக்கே மாஸ்க் மாட்டிக்கினு இரு!"

மச்சான், எலும்பு முறிந்தால் உன் ஊரில் கட்டுப் போட்டுச் சரிசெய்வார்கள். இதற்கு நீதான் கட்டுப் போட வேண்டும். ஜன்னலையெல்லாம் மூடிக்கொண்டு மூன்று நாளாகத் தனியாக உப்புமா தின்கிறேன். அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை. புகை அடங்கியதும் அனுப்பி வை. உன் வீட்டில் சகல செல்வமும் சுத்தமான காற்றும் நிறையட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா வேதாச்சலம்

பி.கு.: கவரை ஒட்டப் போகிறேன், வாசலில் செங்கம்மா! மொட்டை, மாஸ்க், மஞ்சள் புடவை, கையில் லட்டுப் பை. ஆகவே மேலே கெஞ்சியதையெல்லாம் அடித்துவிடு. உட்காரவைத்து மன்னிப்புக் கேட்டேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாள். எதற்கும் மச்சான், அக்கா அங்கே இருக்கிறாளா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடு.