அலைச்சித்தரின் சட்டை

மின்சாரம் பாய்ந்தால் ரேடியோ அலைகளை விழுங்கும், விழுங்கும் அளவைக் கூட்டிக் குறைக்கவும் முடிகிற பொருளுக்காக உலகத்து ஆய்வுக்கூடங்கள் பல்லாண்டாக உழைக்கின்றன. மனித குலம் காத்திருந்த அந்த அற்புதம் கடைசியில் ஐந்தருவிச் சாலையில், பலாச்சுளை வண்டிக்கும் மிளகாய் பஜ்ஜிக் கடைக்கும் நடுவே கிடைத்தது.

கண்டுபிடித்தவர் அலைச்சித்தர். சர்க்கரை, பிரஷர், கல்யாணத் தடை எல்லாமே செல்போன் டவரின் அலையால் வருவது என்பது அவர் அருள்வாக்கு. அலையைக் குடிக்கச் சாம்பல் நிறத்தில் ஒரு சட்டை. இடுப்பில் பேட்டரி, மார்பில் ஃபேன் ரெகுலேட்டர். அருவியில் குளித்த ஈரம் சொட்டச் சொட்டக் கூட்டம் நின்றது.

சோதித்துக் காட்டாமல் விற்கமாட்டார். சாலையில் ரெகுலேட்டரை அணைத்து, சட்டைப் பையில் போனைப் போட்டுக் கூப்பிடச் சொல்வார், அடிக்கும். பிறகு சட்டையைப் போனோடு பக்கத்துப் பாறைக் குகைக்குள் கொண்டுபோய் ரெகுலேட்டரை முழுக்கத் திருப்புவார், அடிக்காது. குகை எதற்காம்? வெளியே திருப்பினால் தென்காசி வரை ஒரு போனும் வேலை செய்யாதாம். என்ன கருணை!

இலஞ்சியைச் சேர்ந்த பேராச்சி சட்டையை வாங்கிய கையோடு பிரஷர் மாத்திரையை நிறுத்தினாள். அந்த வாரமே அடுப்படியில் மயங்கி விழுந்தாள். எழுந்ததும், ரெகுலேட்டரைக் கம்மியாக வைத்துவிட்டதாக வருத்தப்பட்டாள். மகள் இசக்கிசெல்வி அவளைச் சட்டையோடு சித்தரிடமே அழைத்துவந்தாள். சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, அம்மாவை வெறும் போனோடு குகைக்குள் நிறுத்தி, சாலையிலிருந்து கூப்பிட்டாள். அடிக்கவில்லை.

"சட்டையோட சக்தி குகையில தேங்கி நிக்குது, தாயி" என்றார் சித்தர்.

"அப்ப ரோட்டுலயே முழுசா திருப்பிப் பாப்போம்."

கூட்டம் தத்தம் போனைப் பிடித்துக்கொண்டது. வெளியே வந்த பேராச்சி பதறினாள். "வேண்டாம்ட்டி, தென்காசியில எவனாவது ஆம்புலன்சுக்குப் பேசிக்கிட்டு இருப்பான்."

"நீ விழுந்தப்ப நானும் ஆம்புலன்சுக்குத்தான் பேசினேன். உன் பக்கத்துலயே உக்காந்து பேசினேன். சட்டை உன் மேலதான் கிடந்துச்சு."

சட்டைப் பையில் அம்மாவின் போனைப் போட்டு, ரெகுலேட்டரைக் கடைசிவரை திருப்பிக் கூப்பிட்டாள். போன் கணீரென்று அடித்தது. தென்காசிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பேராச்சி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டாள். "மாத்திரைய எங்கட்டி வச்சிருக்க?" என்றாள்.

அதற்குள் சித்தர் செங்கோட்டை பஸ்ஸில் ஏறியிருந்தார். குகைக்குள் இருக்கும் போனைச் சட்டையில்லாமல் ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்க, மூளையைத் தவிர வேறெதுவும் தேவையில்லை. சீசன் முழுக்க இசக்கிசெல்வியைத் தவிர ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

சித்தரின் கியூஆர் அட்டை முதல் நாளிலிருந்தே சாலையோரம் தொங்கியது. அதன்கீழே பெரிய எழுத்தில், "குகைக்குள்ளே டவர் கிடைக்காது, பணத்தை இங்கேயே அனுப்பவும்" என்று எழுதியிருந்தது. எல்லோரும் அதைப் படித்துவிட்டுத்தான் அனுப்பினார்கள்.