ஒன்பது சதவீதத்துக்குச் சிரித்தவர்

ஒரு நாட்டின் வருமானத்தை அளப்பது கடலை அளப்பதைவிடக் கடினம். கடல், அளந்தவனிடம் விளக்கம் கேட்பதில்லை. அப்பேர்ப்பட்ட அரும்பணியை ஆறு மாடிக் கட்டடத்தில், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து செய்துவரும் தேசிய வருமானக் கணிப்பகத்தில் துணை இயக்குநராக இருப்பது நான் செய்த பாக்கியம்.

எங்கள் முறை துல்லியமானது. ஆலை, வயல், கடை என்று நாற்பத்திரண்டு படிவங்கள் வரும். வராதவற்றை நாங்களே ‘மதிப்பிட்டு’ நிரப்புவோம். ஆண்டு வளர்ச்சி இத்தனை சதவீதம் என்று ஓர் எண் பிறந்ததும் ‘இறுதிச் சரிபார்ப்பு’ நடக்கும். அதாவது, கேன்டீன் அக்கா டீயோடு வரும் நேரம் பார்த்து, அந்த எண்ணை அவர் காதில் விழும்படி வாசிப்போம். அக்கா சிரித்தால் அரை சதவீதம் குறைப்போம். மறுபடி வாசிப்போம். அவருக்குச் சிரிப்பு வராத எண் அச்சுக்குப் போகும். எந்தக் கையேட்டிலும் இல்லாத இந்த முறையால் பதினெட்டு வருடமாக ஒரு பத்திரிகையும் எங்களைக் கேலி செய்ததில்லை.

இந்த நிலையில் புதிய இயக்குநர் வந்து சேர்ந்தார். சட்டை மடிப்பு கலையாதவர், வாயைத் திறந்தால் ‘தரவு’ என்பவர். எங்கள் வழக்கத்தை அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. முதல் மாதமே எல்லாரையும் கூட்ட அறைக்கு அழைத்து, விளக்கை அணைக்கச் சொல்லி, திரையில் தெரிந்த எண்ணைத் தாமே வாசித்தார்.

“இந்த ஆண்டு நமது வளர்ச்சி, ஒன்பது சதவீதம்.”

இருட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. விளக்கைப் போட்டார்கள். ஒரு கையில் டீத் தட்டும் மறுகையால் பொத்திய வாயுமாக அக்கா நின்றிருந்தார்.

“ரெண்டு சிரிப்பு கேட்டுச்சே?” என்றார் இயக்குநர்.

“எதிரொலி சார்,” என்றேன். “ரூம் பெருசு இல்லையா.”

உடனே என்னையே தலைவராகவும் உறுப்பினராகவும் கொண்ட விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. பொது விவாதத்தில் கேலிக்கும் இடம் உண்டு, முன் அனுமதி பெற்றால் போதும் என்று சொல்லும் அளவுக்கு இயக்குநர் பரந்த மனம் கொண்டவர். விசாரணைக்கு அவரே வந்து உட்கார்ந்தார்.

“ஏம்மா சிரிச்சீங்க?”

“அடக்க முடியல சார். போன வருஷம் இந்த ஆபீஸ்ல நாளைக்கு முந்நூறு டீ போகும். இப்ப நூத்தியெண்பதுதான். பாதிப் பேரு வீட்லேர்ந்து ஃபிளாஸ்க் கொண்டு வர்றாங்க. நாட்டை அளக்குறவங்களுக்கே டீக்குக் காசு குடுக்கக் கை வரலன்னா, ஒம்போது எங்கேர்ந்து சார் வந்துச்சு?”

“அது உங்க அனுபவம். தரவு இல்ல.”

“தரவுன்னா?”

“எழுதி வெச்சிருக்கணும்.”

“நோட்டுல எழுதி வெச்சிருக்கேனே, எடுத்துட்டு வரவா?”

நோட்டு, விசாரணை வரம்புக்குள் வராது என்று குறித்துக்கொண்டேன்.

இயக்குநர் கல்நெஞ்சர் அல்லர். நாடு வளர்ந்த ஆனந்தத்தில் சிரித்ததாக ஒரு கையெழுத்துப் போட்டால் கேன்டீன் குத்தகை தொடரும் என்றார். அக்காவின் மகள் நர்சிங் கடைசி வருடம் படிக்கிறாள். குடும்பத்துக்கு அந்த ஒரு அடுப்புதான் கதி.

“போட்டுடுங்கக்கா,” என்றேன்.

“ஒரு டீயக்கூட நான் கூட்டி எழுதினதில்ல சார்,” என்று பேனாவைத் திருப்பித் தந்துவிட்டார்.

குத்தகை ரத்தானது. ரத்து செய்யலாம் என்ற அறிக்கையை அழகான நடையில் எழுதியவன் நான்.

அடுப்பு இருந்த இடத்துக்கு எட்டு லட்சத்தில் டீ இயந்திரம் வந்தது. அதை ‘மூலதன முதலீடு’ என்று சேர்த்ததில் ஒன்பது, ஒன்பது புள்ளி ஒன்றாக உயர்ந்தது. இயக்குநர் மறுபடி வாசித்தார். அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. மறுநாள் நாட்டிலுள்ள அத்தனை பத்திரிகைகளும் விழுந்து விழுந்து சிரித்தன. அவற்றுக்கு மறுப்பு எழுதும் பொறுப்பும், இணை இயக்குநர் பதவியும் எனக்குச் சேர்ந்தே வந்தன.

அன்றுதான் அக்கா தமது பாத்திரங்களை எடுத்துப்போக வந்தார். பெருந்தன்மை எனக்குப் பிறவிக் குணம் ஆதலால், ஒரு கெட்டிலை நானே தூக்கிக்கொண்டு வாசல்வரை போனேன்.

“மனசுல எதுவும் வெச்சுக்காதீங்கக்கா.”

“சேச்சே, இல்ல சார். ஒண்ணே ஒண்ணுதான் புரியல.”

“என்னக்கா?”

கெட்டிலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“எதிரொலி எப்படி சார் எனக்கு முன்னாடியே சிரிச்சுச்சு?”