ஒரு பேப்பர் குறைகிறது

"வரும்போது வினிகர் ஒரு பாட்டில் வாங்கிட்டு வாங்க. போன தடவை மாதிரி தேர்வைக் கோட்டை விட்டுட்டு மாம்பழத்தோட வந்து நிக்காதீங்க" என்றாள் நெனித்தா.

அவள் புருஷன் அர்செனியோ காக்கி உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சரி என்று தலையாட்டிவிட்டு மணிலா பஸ்ஸில் ஏறினார்.

சாயங்காலம் திரும்பி வரும் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே அவர் இதயம் நின்றுபோனது. சொந்த ஊரான காவித்தேயில் எல்லோரும் இறங்கியபிறகு கண்டக்டர் தட்டி எழுப்பப் போனபோதுதான் தெரிந்தது. மடியில் காக்கி உறை இருந்தது. வினிகர் பாட்டிலும் உடையாமல் இருந்தது.

ஆறு வருஷமாக அவர் கப்பலில் செகண்ட் மேட். கூடப் படித்தவர்களில் இரண்டு பேர் கேப்டனே ஆகிவிட்டார்கள். கேப்டனுக்கு அடுத்த நாற்காலியான சீஃப் மேட் லைசென்ஸுக்கு அர்செனியோ எழுத்துத் தேர்வை எப்போதோ முடித்துவிட்டார். தீயணைப்பு, ரேடார், உயிர்காப்புப் படகு எல்லாச் சான்றிதழும் உறைக்குள் இருந்தன. பயிற்சிக் கூடத்தில் ஒரு நாள், திரையில் ஓடும் பொய்க் கப்பலை அதிகாரிகள் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். அந்த ஒரு பேப்பர்தான் குறைந்தது. ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் குறைந்தது. கம்பெனி ஒரு மாதம் கூடுதலாகக் காத்திருந்து பார்த்துவிட்டு, மறுபடியும் செகண்ட் மேட்டாகவே ஒன்பது மாதத்துக்கு அனுப்பிவிடும். நெனித்தா திட்டாத நாளில்லை.

இந்தத் தடவை ஓட்டிக் காட்டியிருப்பார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. பேப்பர் அலுவலகத்தில் கிடக்கும். வாங்கிவிட்டால் கல்லறைக் கல்லில் 'சீஃப் மேட்' என்று பொறித்துவிடலாம். நவம்பர் முதல் தேதி ஊரே கல்லறைக்கு வரும் நாள். அதற்குள் கல் நாட்ட வேண்டும்.

கல் செதுக்கும் டியோங் பழைய கப்பல்காரர். பேப்பரைக் கண்ணால் பார்க்காமல் பதவி பொறிக்க மாட்டார்.

"கோவிச்சுக்காதே தங்கச்சி. இந்த இடுகாட்டுல பதினோரு கேப்டன் படுத்திருக்காங்க. அதுல மூணு பேர் கப்பல்ல சமையல் செஞ்சவங்க. இனிமே பேப்பர் இல்லாம உளி எடுக்கறதில்லைன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

பெயருக்கு மேலே ஒரு வரி இடம் விட்டுவிட்டு மீதியைச் செதுக்கினார்.

லைசென்ஸ் அலுவலகத்தில் கவுன்டர் பெண் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, விண்ணப்பதாரர் நேரில் வர வேண்டும் என்றாள். அவர் இறந்துவிட்டார் என்றாள் நெனித்தா. அந்தப் பெண் நல்லவள். எழுந்து நின்று சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, இறப்புச் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னாள்.

கொண்டுபோனதும் சிக்கல் பெரிதானது.

"கடல் வேலைக்குத் தகுதியா இருக்கார்னு ஒரு டாக்டர் எழுதியிருக்கார். அது இன்னும் ஒரு வருஷம் செல்லும். இறந்துட்டார்னு இன்னொரு டாக்டர் எழுதியிருக்கார். ஆனா இந்த ரெண்டாவது டாக்டர் எங்க பட்டியல்ல இல்லையேம்மா."

"பட்டியல்ல இருக்கற டாக்டர் சொன்னாத்தான் செத்ததா கணக்கா?"

அந்தப் பெண் விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். விதியில் அதைப்பற்றி ஒன்றும் இல்லை என்று வருத்தத்தோடு சொன்னாள்.

கொழுந்தன் ருபெர்தோவுக்கு ஒரு வழி தோன்றியது. கப்பலில் இருப்பவர்களுக்காக மனைவிமார் வரிசையில் நிற்பது அங்கே தினமும் நடப்பதுதான். "ஒரு அதிகாரக் கடிதம் போதும் அண்ணி. சாவைப் பத்தி வாயே திறக்காதீங்க. அண்ணன் கையெழுத்து எனக்குப் பள்ளிக்கூடத்துலேர்ந்தே கைவந்த கலை."

கையெழுத்து அச்சு அசலாக வந்தது. நோட்டரி அன்றைய தேதியைப் போட்டு முத்திரை குத்தினார். நெனித்தா வேறு கவுன்டருக்குப் போனாள். கோப்பு அதேதான்.

"இறந்து அறுபத்திரண்டு நாள் கழிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்காரே" என்றார் அங்கிருந்தவர்.

கோப்பு விசாரணைக்குப் போயிற்று. முடியும்வரை அசல்கள் எல்லாம் அலுவலகத்திலேயே இருக்க வேண்டுமாம். செகண்ட் மேட் லைசென்ஸும் அதோடு போனது.

"அப்போ செகண்ட் மேட்டும் பொறிக்க முடியாதே தங்கச்சி" என்றார் டியோங், உண்மையிலேயே கலங்கி. "பேப்பர் இல்லையே."

அன்று வீட்டுக்கு வந்து, நெனித்தா அடுப்படியில் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். புருஷன் போய்ச் சேர்ந்தபிறகு, அவர் இருபது வருஷம் பட்ட பாட்டையும் தானே ஒவ்வொரு தாளாகக் கொண்டுபோய்க் கொடுத்துத் தொலைத்துவிட்டதாக நினைத்தாள்.

விசாரணை அதிகாரி வயதானவர். கதை முழுவதையும் கேட்டுவிட்டு, உன் புருஷன் கடைசி நாள் தேர்வுக்கு வந்ததற்கு ஒரு சாட்சி கொண்டுவந்தால், பயிற்சிக் கூடத்தின் பதிவேட்டை நானே போய்ப் புரட்டுகிறேன் என்றார். உறைக்குள் அன்றைக்கு எடுத்த போட்டோ இருந்தது. வெள்ளைச் சட்டை, தோளில் சீஃப் மேட்டுக்கான மூன்று கோடு. பின்பக்கம் கடை முத்திரையும் தேதியும்.

அலுவலகத்துக்கும் பயிற்சிக் கூடத்துக்கும் எதிரே, அந்தப் போட்டோக் கடை வாசல் மரத்தடியில், லைசென்ஸ் போட்டோவுக்கு வெள்ளைச் சட்டை வாடகைக்கு விடும் கிழவர் போட்டோவை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"சட்டை என்னுதுதான். இவரைத் தெரியாம என்ன? அன்னிக்கும் காலையிலேயே வந்துட்டார்."

புருஷன் போனபிறகு முதல் முறையாக நெனித்தாவுக்கு மூச்சு சீராக வந்தது. "தேர்வுக்கு எத்தனை மணிக்கு உள்ளே போனார்? அதை மட்டும் எழுதிக் கொடுத்துடுங்க ஐயா."

கிழவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் யார் என்று அவருக்குத் தெரியாது.

"உள்ளே எங்கேம்மா போனார்? ஆறு வருஷமா பார்க்கறேன். போட்டோ எடுப்பார், மாம்பழம் வாங்குவார், சாயங்காலம் வரைக்கும் அந்தப் பெஞ்சுல உட்கார்ந்திருப்பார். கேட்டா, 'ஒரு பேப்பர் குறைஞ்சாத்தானே, இன்னும் ஒரு மாசம் அவகூட வீட்டுல இருக்க முடியும்'பார்."

கல்லில் அர்செனியோவின் பெயருக்கு மேலே அந்த ஒரு வரி இடம் இன்றும் காலியாகத்தான் இருக்கிறது.