அனுமதியின்றி விழுந்த ஆறாவது கோல்

எங்கள் ஹாக்கி லீக்கின் தலைமை அலுவலகத்தில், மூன்றாவது மாடியில், ஏசி எப்போதும் ஒழுகிக்கொண்டிருக்கும் மூலையில், ஒப்புமைப் பிரிவு என்று ஒன்று இயங்கிவருகிறது. எங்கள் லீக்கை அப்படியே வைத்து ஒரு கம்பெனி கணினி விளையாட்டு தயாரித்து விற்கிறது. திரையில் ஓடும் ஆட்டக்காரர்களும் மைதானத்தில் ஓடும் ஆட்டக்காரர்களும் கணக்கில் ஒத்துப்போகிறார்களா என்று பார்ப்பதே பிரிவின் பணி. நிஜ கீப்பர் நூறு பந்துக்கு எழுபது தடுத்தால் திரை கீப்பரும் ஏறக்குறைய எழுபது தடுக்க வேண்டும். இதைக் கண்காணிக்க ஓர் இயக்குநர், ஒரு தட்டச்சர், முதுநிலை ஒப்புநோக்காளராக நான்.

பாதி அணிகள் என் பொறுப்பு, மீதி அணிகள் தட்டச்சர் பொறுப்பு. ஒருவர் அலமாரியை மற்றவர் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது இயக்குநர் வகுத்த நடுநிலைமை விதி. நாங்கள் அதை எவ்வளவு உண்மையாகக் கடைப்பிடித்தோம் என்றால், தட்டச்சருக்குக் கல்யாணம் ஆன செய்தியே அவருக்குக் குழந்தை பிறந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

வித்தியாசம் கண்டால் கம்பெனிக்கு எழுதுவோம். அவர்கள் விளையாட்டைத் திருத்துவார்கள். இப்படியே பல வருடம் நிம்மதியாகப் போயிற்று.

பிறகு அந்த விளையாட்டு ஊரைப் பிடித்துக்கொண்டது. பயிற்சியாளர்கள் அதில் ஆடிப் பார்த்துவிட்டு அணியைத் தேர்ந்தெடுத்தார்கள். வர்ணனையாளர்கள், "விளையாட்டுப்படி இந்நேரம் ஒரு கோல் விழுந்திருக்கணும்" என்று மைதானத்தின் மேல் குறைப்பட்டுக்கொண்டார்கள். எனக்கு முடி வெட்டுகிறவரிடம் நேற்றைய மேட்ச் பார்த்தீர்களா என்று கேட்டேன். கத்தரிக்கோலை நிறுத்தி, "எதுல?" என்றார்.

இந்தச் சூழ்நிலையில்தான் எங்கள் வழக்கமான கடிதத்துக்குக் கம்பெனியிடமிருந்து வழக்கமில்லாத பதில் வந்தது. தங்கள் லீக் ஒரு பருவத்தை ஒரே ஒரு முறைதான் நடத்துகிறது. நாங்களோ அதே பருவத்தைப் பத்தாயிரம் முறை ஓட்டிச் சராசரி எடுத்திருக்கிறோம். ஆகவே பிழை எந்தப் பக்கம் என்பதைத் தாங்களே பரிசீலிக்குமாறு பணிவன்புடன் வேண்டுகிறோம் என்றது அது.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நியாயமாத்தானே இருக்கு," என்றார்.

இதற்கு ஒரு மறுப்பு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் மறுப்புகள் எனக்கு மறுநாள் காலை குளிக்கும்போதுதான் வரும். அதற்குள் சுற்றறிக்கை போய்விட்டது. இனி வித்தியாசம் தென்பட்டால் இரு தரப்பில் எது திருத்தத்தக்கதோ அது திருத்தப்படும். விளையாட்டு விற்பனைக்குப் போய்விட்டபடியாலும், ஆட்டக்காரர்கள் இன்னும் நம் கட்டுப்பாட்டில் இருப்பதாலும், உரிய தரப்பினர் ஆவன செய்துகொள்ள வேண்டியது.

ஆவன செய்தார்கள். அளவுக்கு மீறி ஓடிய ஓர் ஆட்டக்காரர் நடக்கவைக்கப்பட்டார். மஞ்சள் அட்டை காட்டுவதில் பின்தங்கியிருந்த நடுவர் ஒருவர், இடைவேளையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் காட்டிக் கணக்கை நேர்செய்தார். யாரும் பெரிதாக முணுமுணுக்கவில்லை. அடுத்தது என் அக்கா மகன்.

அவனைப் பூட்டு என்றுதான் லீக்கே அழைக்கும். தடுப்பாட்டக்காரன், அவனைத் தாண்டி யாரும் போக முடியாது. ஆனால் முழங்கால் தேய்ந்துவிட்டது. வேகம் குறைந்த தடுப்பாட்டக்காரனை எந்த அணியும் வெகுநாள் வைத்துக்கொள்ளாது என்று அவனுக்கே தெரியும். அதனால் பெனால்ட்டி கார்னரில் பந்தைத் தாழ்வாக, அம்பு மாதிரி அடிக்கப் பழகியிருந்தான். இந்த வருடத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. இந்த அடி இருந்தால் இன்னும் இரண்டு வருடம் ஆடலாம் என்பது அவன் கணக்கு. பருவத்தில் ஐந்து கோல் போட்டுவிட்டான். விளையாட்டில் அவன் கோல் போடுவதே இல்லை.

இயக்குநர் அறையில் விசாரணை நடந்தது. நான் அவனுக்குத் தாய்மாமன், விலகிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். உறவு இருந்தால் ஆளை அடையாளம் காட்ட வசதி என்று சொல்லிக் குறிப்பெடுக்க உட்கார வைத்தார்.

"அஞ்சு கோல். யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"பெனால்ட்டி கார்னர் சார். கேப்டன் அடிக்கச் சொன்னார், அடிச்சேன்."

"அடிக்கச் சொன்னார், சரி. உள்ள போகச் சொன்னாரா?"

பூட்டு என்னைப் பார்த்தான். நான் தாளைப் பார்த்தேன்.

"பத்தாயிரம் தடவை ஓட்டியும் உங்க கணக்கு பூஜ்யம்," என்றார் இயக்குநர், வருத்தத்துடன். "நீங்க ஒரே ஒரு தடவை ஆடிட்டு அஞ்சுன்னு வந்து நிக்கறீங்க. நான் யாரை நம்பறது?"

"பந்தை நம்பலாம் சார்."

இது ஒழுங்கீனமான பதில் என்று பதிவாயிற்று. பதிந்தது நான்தான். ஆனால் இயக்குநர் இளகிய மனசுக்காரர். மீதி இருப்பது இறுதி ஆட்டம். அதில் கோல் எதுவும் போடாமல் இருந்தால் திருந்தும் இயல்புடையவர் எனக் கருதி ஒப்பந்தத்தை நீட்டிக்கப் பரிந்துரைப்பதாகவும், போட்டால் பரிந்துரைக்க இயலாது என்றும் தீர்ப்பளித்தார்.

அன்று சாயங்காலம் பூட்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். சமையலறை வாசல்படியில் உட்கார்ந்து முழங்காலை நீட்டிக்கொண்டான். என் மனைவி டீ கலந்துகொண்டிருந்தாள்.

"மாமா, என்ன பண்ணட்டும்?"

நல்லா அடிடா என்று நாக்கு வரை வந்தது. அவன் முழங்காலை நினைத்தேன். அக்கா போனில் கேட்கப்போவதை நினைத்தேன். என் நாற்காலியையும் நினைத்தேன். எதை முதலில் நினைத்தேன் என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை.

"ஒரே ஒரு மேட்ச்தானேடா. மெதுவா கீப்பர் கால் பக்கமாத் தட்டிவிடு. யாரும் தப்புச் சொல்ல முடியாது."

மனைவி டீயை என் முன்னால் வைத்தாள். பாதி டீ மேசையில் சிந்தியது. அவள் துடைக்கவில்லை.

இறுதி ஆட்டம் கடைசி வரை கோல் இல்லாமல் போயிற்று. முடிகிற நேரத்தில் பூட்டின் அணிக்குப் பெனால்ட்டி கார்னர் கிடைத்தது. பூட்டு வந்து நின்றான். நல்ல ஆட்டக்காரன் வேண்டுமென்றே மோசமாக அடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவன் தோளில் தெரிந்தது. தட்டினான். விடுமுறை முடிந்து அலுவலகம் போகிறவனைப் போலப் பந்து உருண்டு கீப்பர் காலை நோக்கிப் போயிற்று.

கீப்பர் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்.

எதிரணி கீப்பர் விளையாட்டில் உள்ளதைவிட அதிகமாகத் தடுத்துவிட்டார் என்றும், இறுதி ஆட்டத்தில் ஒரு கோலாவது உள்ளே விட வேண்டும் என்றும் எங்கள் பிரிவே அவருக்கு ஆணை அனுப்பியிருந்தது. அது தட்டச்சர் அலமாரி. நான் பார்க்கக் கூடாதது.

பந்து கோட்டைத் தாண்டி, களைத்துப்போய் நின்றது. மைதானத்தில் சத்தமே இல்லை. எல்லோரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் இதே ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்திருந்தது. பூட்டின் அணி கோப்பையை வென்ற செய்தி அவர்களுக்குச் சற்றுப் பொறுத்துத்தான் எட்டியது. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் கலைந்து போனார்கள்.

கம்பெனி மட்டும் சுறுசுறுப்பாக இருந்தது. கீப்பரையே விலகவைக்கும் மாயப் பந்து என்று அந்த அடியை விளையாட்டில் சேர்த்தது. நூற்றுக்கு அறுபத்தொன்றாக இருந்த பூட்டின் மதிப்பெண் தொண்ணூற்று மூன்றாயிற்று. ஊரெல்லாம் அவனை வைத்து ஆடியது.

இனி நீட்டிப்பு நிச்சயம் என்று நான் இயக்குநரிடம் போனேன். அவர் ஏற்கெனவே யோசித்து முடித்திருந்தார்.

"தொண்ணூத்து மூணு, சார். அந்த முழங்காலை வெச்சுக்கிட்டு அவர் எப்படி எட்டுவார்? அடுத்த வருஷம் ஆட விட்டா வித்தியாசம் பயங்கரமா வரும். ஆடாத ஆளுக்கு வித்தியாசமே வராது பாருங்க."

அவர் சொன்னதில் ஓட்டை எதுவும் இல்லை. மறுநாள் குளிக்கும்போதும் தென்படவில்லை.

செய்தி தெரிந்ததும் பூட்டு வந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். கைப்பேசியை நீட்டித் திரையில் ஓடும் தன்னைக் காட்டினான்.

"நல்லா ஆடறான் மாமா. நீங்க சொன்ன மாதிரியே அடிக்கறான்."

டீ குடிக்காமல் போய்விட்டான்.

அடுத்த பதிப்பு முன்னெப்போதும் இல்லாத அளவு தத்ரூபம் என்றார்கள். உண்மைதான். கோல் விழும்போது பார்வையாளர்கள் கைப்பேசியைப் பார்க்கிறார்கள். வாங்குகிறவர்கள் லீக்கையே நிர்வகித்து ஆடலாம் என்பதால் தலைமை அலுவலகமும் இருக்கிறது. மூன்றாவது மாடி, ஒழுகும் ஏசி. மூலையில் ஐம்பது தாண்டிய ஒருவர் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார். கணக்கு தொண்ணூறு, கையெழுத்து தொண்ணூற்றைந்து, துணிவு நான்கு.

சரிபார்த்துத் தருமாறு இயக்குநர் அதை என்னிடமே அனுப்பினார்.

பேனாவைத் திறந்தேன். நான்கு என்பது ரொம்பக் குறைவு, இதை ஏற்க முடியாது என்று எழுதலாம். எழுத நினைத்தேன். ஆனால் அப்படி எழுதுவதற்கு நான்கைவிட அதிகம் வேண்டும். அப்புறம் வித்தியாசம் வந்துவிடும்.

'ஒத்திருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து அழகாக வந்தது.